அரை இஞ்சுப் பூஜாடி

பட்டன் என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் குள்ளமாக, உருண்டையாக, உட்கார வைத்த இடத்திலேயே தைத்துவிட்டதுபோல உட்கார்ந்திருப்பாளாம். வளர்ந்து தையல் கடையில் காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் வேலைக்குப் போனபோது, "பார்த்தீங்களா, அன்னிக்கே சொன்னேன்ல!" என்று அண்ணன் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். பெயர் அப்படியே நின்றுவிட்டது. கட்டிக்கொண்ட கணவர்கூட அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

கணவர் பிளம்பர். வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகும், அதில் வரிசையாக இறங்கும் குழாய்களும்தான் காட்சி. உள்ளே திரும்பினால் ஜன்னல் விளிம்பில், டிவிக்குப் பக்கத்தில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, செருப்பு அலமாரியின் தலையில் எல்லாம் பித்தளைக் குழாய்த் துண்டுகள். வளைந்தது, நேரானது, கிளை விட்டது என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒவ்வொன்றின் வாயிலும் ஒன்றிரண்டு பூ, ஓர் இலை, சில சமயம் வெறும் புல்லுக் கதிர்.

"வெளிய பார்த்தாலும் பைப்பு, உள்ள பார்த்தாலும் பைப்பு," என்பாள் மகள். கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நாக்கு ஒரு முழம் நீண்டிருந்தது. "திருடன் வந்தான்னா, தெரியாம பிளம்பிங் கடைக்குள்ள பூந்துட்டோம்னு மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடுவான்."

"வரட்டும். போகும்போது ஒரு பூவாவது பார்த்த திருப்தி இருக்கும்ல," என்பாள் பட்டன்.

இது தொடங்கியது கல்யாணமான புதிதில். அப்போது அவர்களுக்கு ஒரே அறை. அதில் பாதி கட்டில், மீதி பிளம்பரின் சாமான். தண்ணீர் குடிக்கப் போனால் காலில் குறடு இடறும், தலையணையைத் தட்டினால் வாஷர் உருளும். ஒரு நாள் பட்டனுக்குப் பொறுமை போய், கண்ணில் பட்டதையெல்லாம் வாரி வாளியில் கொட்டினாள். மூன்று வாயுள்ள ஒரு துண்டு மட்டும் கையில் தங்கியது. என்ன தோன்றியதோ, அதை ஜன்னலில் படுக்க வைத்து, வேலியோரம் பறித்து வந்திருந்த ஓர் ஊதாப் பூவை அதன் நடு வாயில் சொருகினாள். சற்று எட்ட நின்று பார்த்தாள். அறை கொஞ்சம் பெரிதானதுபோல இருந்தது.

மறுநாள் காலையில் பிளம்பர் பையைக் குடைந்துகொண்டே, "டீ எங்க?" என்றார்.

"இதோ." அவள் டம்ளரை நீட்டினாள்.

"இது இல்லம்மா. டீ, டீ."

"ஏன், ஆறிப்போச்சா? இப்பதானே போட்டேன்."

"குடிக்கிற டீ இல்ல. மாட்டுற டீ!"

மூன்று வாய்த் துண்டுக்கு அந்தத் தொழிலில் டீ என்று பெயர் என்பது பட்டனுக்கு அன்றுதான் தெரிந்தது. தேடித் தேடிக் கடைசியில் ஜன்னலில் கண்டுபிடித்தவர் பிளம்பர்தான். தண்ணீர் இல்லாமல் பூ தலை தொங்கிப் போயிருந்தது. பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குடிக்கிற டீயைக் குடித்துவிட்டு மாட்டுற டீயை ஜன்னலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். பகல் முழுக்க அவள் தன்னையே நொந்துகொண்டாள். கட்டிக்கொண்டு வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் மனுஷன் தொழிலில் கை வைத்துவிட்டோமே என்று.

சாயங்காலம் வந்தவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பித்தளை மூடிகளை எடுத்தார். மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, டீயின் இரண்டு பக்க வாயையும் அடைத்து இறுக்கினார். நடு வாயில் தண்ணீர் ஊற்றி, உலர்ந்த துணியின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். துணி நனையவில்லை.

"இப்ப வை," என்றார்.

அதைவிடப் பெரிய காதல் வசனம் அந்த வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அதன்பிறகு உடைக்கிற பழைய வீடுகளிலிருந்து நல்ல பித்தளைத் துண்டு எது கிடைத்தாலும் மூடி போட்டு அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாமே அரை இஞ்ச் வாய். மூன்று காம்புக்கு மேல் இறங்காது. ஆரம்பத்தில் அது அவளுக்குக் குறையாகப் பட்டது. போகப் போக, அந்த மூன்று காம்புதான் அவளுடைய பாடமே ஆகிவிட்டது. "ஒண்ணு நிக்கணும், ஒண்ணு சாயணும், ஒண்ணு எட்டிப் பார்க்கணும்," என்பாள். நிற்பதற்கு ஒரு ரோஜா. சாய்வதற்கு ஓர் இலைக் கொத்து. எட்டிப் பார்ப்பதற்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம், காட்டுப்பூ ஆனாலும் சரி. மூன்றும் நின்றால் வரிசையில் நிற்பதுபோல இருக்கும். மூன்றும் சாய்ந்தால் யாரோ தள்ளிவிட்டதுபோல இருக்கும்.

பேருந்து நிறுத்தத்துப் பூக்கடைக்காரருக்கும் இது தெரியும். நீளக் காம்புப் பூவைத்தான் பூங்கொத்து கட்டுகிறவர்கள் கேட்பார்கள். காம்பு ஒடிந்ததை அவர் அவளுக்காக ஒரு ஓரத்தில் நீரில் போட்டு வைப்பார்.

"வாம்மா, உன் நோயாளிங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இவங்களா நோயாளி? என் வீட்டு ஜாடிக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்காங்கண்ணே."

அதில் பெருமை இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் எல்லாவற்றுக்கும் தண்ணீர் மாற்றி, காம்பின் நுனியைச் சாய்வாக நறுக்கி, பித்தளையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் போவாள். பூ வாங்க முடியாத வாரத்தில் வெறும் இலையை வைப்பாள். ஜாடி காலியாக நின்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அவற்றில் அவளுக்கு உயிரானது ஒன்று உண்டு. டீ அல்ல. நடுவிரல் நீளத்தில் நேரான ஒரு துண்டு. சுவரில் டைல்ஸ் தடிமனாக ஒட்டி, குழாயின் வாய் உள்ளே அடங்கிப்போனால், அதை வெளியே நீட்டிக் கொடுக்க மாட்டுவது. எக்ஸ்டென்ஷன் என்பார்கள். ஒரு முனையில் மரை வெளியே இருக்கும், அதில்தான் மூடி. மறு முனையில் மரை உள்ளே இருக்கும், அதுதான் பூ நிற்கும் வாய். பழைய காலத்துக் கனம். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தாள். சமையலறை ஜன்னலில், காலை வெயில் முதலில் விழுகிற இடத்தில் அது நிற்கும்.

எல்லாம் சரி, அண்ணியின் வாயில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான். சொருகல். "என்ன பட்டன், உன் சொருகலெல்லாம் எப்படி இருக்கு?" என்று பிள்ளைகுட்டிகளை விசாரிப்பதுபோல விசாரிப்பார். மனதில் வஞ்சம் இல்லாதவர். வந்தவர்களுக்கு அள்ளி அள்ளிப் போடுகிற கை. ஆனால் எதுவும் பெரிதாக இருந்தால்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் பட்டனுக்கு ஊசி நகக்கண்ணில் ஏறியதுபோல இருக்கும். சிரித்துச் சமாளிப்பாள்.

அண்ணன் புது வீடு கட்டினார். அடித்தளம் போட்ட நாளிலிருந்து பட்டனுக்கு ஒரே ஆசை. அந்த வீட்டில் தன் கையால் வைத்த பூ நிற்க வேண்டும். அண்ணன் வீட்டில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அவள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த வீட்டுக் குழாய் வேலை முழுவதும் பிளம்பருடையது. ஆனால் அதெல்லாம் சுவருக்குள் போய், சிமெண்டும் டைல்ஸும் மூடி, இருந்த இடம் தெரியாமல் ஆகிவிட்டது. பூவாவது வெளியே தெரியுமே.

சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் புது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு நாள் குறித்தாயிற்று. பட்டன் போன் போட்டாள்.

"அண்ணி, அன்னிக்குப் பூ வைக்கிறது என் பொறுப்பு."

"ஐயோ, ஹாலுக்கு ஆள் சொல்லியாச்சே பட்டன்! ஆள் உயரத்துக்கு ஸ்டாண்டோட வர்றாங்க. உன் சொருகலை அங்க வச்சா கூட்டத்துல தொலைஞ்ச குழந்தை மாதிரி ஆயிடும்." அண்ணி ஒரு கணம் யோசித்தார். "நீ ஒண்ணு பண்ணு. கீழ பாத்ரூம் இருக்குல்ல? அங்க வை. வர்றவங்க கை கழுவுற இடம், கொஞ்சம் நல்லா இருக்கட்டும்."

போனை வைத்த பட்டனுக்கு முகம் சுருங்கிப்போனது. பிளம்பர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பாத்ரூமாம்," என்றாள். "கூடப் பிறந்தவளுக்குப் பாத்ரூம்."

"எந்தப் பாத்ரூம்?"

"கீழ இருக்கிறது. எதுவா இருந்தா என்ன?"

பிளம்பர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "கீழ பாத்ரூமா? அடிப்பாவி, அந்த வீட்டுலயே நல்ல ரூம் அதுதான். மத்த இடத்துல எல்லாம் நான் செஞ்சது சுவருக்குள்ள போயிடுச்சு. வாஷ்பேசின், குழாய், ஷவர், எல்லாம் வெளிய தெரியற மாதிரி நிக்கிறது அங்கதான். என் ரூம் அது. உன்னை என் ரூமுக்குக் கூப்பிட்டிருக்காங்க, நீ என்னடான்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற!"

"சொருகல்னு சொல்றாங்களே."

"சொன்னா? நானும் பைப்பைச் சொருகித்தானே சோறு போடுறேன். சொருகுறது கேவலமா?"

"அப்பா சொருகினா தண்ணி வரும், அம்மா சொருகினா பூ வரும்," என்றாள் மகள் புத்தகத்தின் பின்னாலிருந்து. "நல்ல சொருகல் குடும்பத்துல வந்து பிறந்திருக்கேன்."

பட்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷனை எடுத்தாள். போனால் இதுதான் போக வேண்டும். எலுமிச்சைத் தோல் எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.

விருந்து நாள் காலையில் விருந்தாளிகளுக்கு முன்பே மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஹாலில் அலங்காரக்காரர்கள் வைத்த பூக்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. பார்க்கக் கழுத்து வலித்தது. அழகாகத்தான் இருந்தன, பட்டன் அதை மறுக்கவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாஷ்பேசினுக்கு மேலே, கண்ணாடிக்கு முன்னால் கையகலத் திட்டு. அதில் எக்ஸ்டென்ஷனை வைத்தாள். காம்பு ஒடிந்த வெள்ளை ரோஜா ஒன்று நின்றது. வேலி வெட்டிப்போட்ட இடத்தில் பொறுக்கிய இலைக்கொத்து சாய்ந்தது. பொத்தான் அளவு மஞ்சள் பூ ஒன்று இரண்டுக்கும் நடுவிலிருந்து எட்டிப் பார்த்தது. கண்ணாடியிலும் அதேபோல் மூன்று. சாம்பல் நிற டைல்ஸுக்கு நடுவில் பித்தளை விளக்கேற்றியதுபோல இருந்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சொட்டு. மறுபடி சொட்டு.

குனிந்து பார்த்தாள். வாஷ்பேசினுக்கு அடியில், குழாய் சுவரை விட்டு வெளியே வருகிற இடத்தில் தண்ணீர் கசிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க!"

பிளம்பர் வந்து தரையில் மல்லாந்து படுத்து, தலையை அடியில் விட்டார். "சுவத்துல மாட்டுன எக்ஸ்டென்ஷன் விரிஞ்சிருக்கு," என்று அங்கிருந்து குரல் வந்தது. மெயின் வால்வை அடைத்தார்கள். அடைத்ததும் வீடு முழுக்கத் தண்ணீர் நின்றது. சமையலறையிலிருந்து யாரோ கத்தினார்கள். அண்ணனும் அண்ணியும் ஓடிவந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்களே!"

"துண்டை மாத்தணும் மச்சான். இன்னிக்குக் கடை எல்லாம் லீவு. வண்டியிலயும் பார்த்துட்டேன், இந்த அளவு இல்ல."

"ஏண்ணே, புது வீடு, முதல் நாளே ஒழுகுனா நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றார் அண்ணி பிளம்பரிடம். "சொந்தக்காரர் செஞ்ச வேலைன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

பிளம்பரின் முகம் கறுத்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். "இல்லம்மா... அந்தத் துண்டு நான் குடுத்தது. டைல்ஸ் கடையில இனாமாக் குடுத்தான். மாப்பிள்ளை வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் மாட்டச் சொன்னேன்."

அண்ணி அண்ணனைப் பார்த்த பார்வையில் தண்ணீர் இல்லாமலேயே அவர் நனைந்துபோனார். வாசலில் மணி அடித்தது. இருவரும் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஓடினார்கள்.

பாத்ரூமில் கணவனும் மனைவியும் மட்டும். பிளம்பர் துணியில் கையைத் துடைத்தார். அவர் கண் கண்ணாடிப் பக்கம் போனது, உடனே திரும்பிக்கொண்டது. வாய் திறந்து அவர் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார் என்று பட்டனுக்குத் தெரியும். இத்தனை நாள் ஆசைப்பட்டு இந்த வீட்டுக்குள் கொண்டுவந்த ஒரே ஒரு ஜாடி. இடம் பாத்ரூமோ என்னவோ, வைத்துப் பார்த்து முழுசாக ஒரு மூச்சு விடவில்லை. அதை எடுத்துவிட்டால் வெறும் கையோடு நிற்க வேண்டும். எடுக்காவிட்டால் இந்த மனுஷன் வேலை ஒழுகியது என்று ஊர் பேசும்.

மூன்று காம்பையும் உருவினாள். தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"இந்தாங்க," என்றாள். "நல்ல கனம். விரியாது."

"கீறல் விழும், பட்டன்."

"விழட்டும்."

மூடியைக் கழற்ற ஸ்பேனர் கடித்தபோது அவளுடைய பல்லும் சேர்ந்து கூசியது. பிளம்பர் விரிந்த துண்டைச் சுவரிலிருந்து கழற்றினார். கழற்றும்போது விரிசல் விட்ட வாயின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. பித்தளையின் மரையில் டேப்பைச் சுற்றி, சுவருக்குள் கொடுத்து முறுக்கினார். வாஷ்பேசினுக்குப் போகிற சின்ன வால்வை அதன் வாயில் மாட்டி, மெயினைத் திறந்தார். அடியில் ஒரு காய்ந்த துணியை விரித்துவிட்டு இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். ஹாலில் செருப்புச் சத்தமும் சிரிப்பும் கூடிக்கொண்டிருந்தன. துணி நனையவில்லை.

பட்டன் மூன்று காம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைத் தவற விட்டவள்போல நின்றாள். பிளம்பர் தரையில் கிடந்த அந்த உடைந்த துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளுடைய ஜாடியிலிருந்து கழற்றிய மூடியை எடுத்தார்.

"விரிசல் வாய்ப் பக்கம்தான். அடி நல்லாத்தான் இருக்கு." டேப்பைச் சுற்றி மூடியை இறுக்கினார். "கழுத்து வரைக்கும் ஊத்தாத. இடுப்பளவு தண்ணி போதும்."

வெள்ளியாக மின்னுகிற புதுத் துண்டு, உதடு உடைந்து நின்றது. பட்டன் ரோஜாவை நிறுத்தினாள். மஞ்சள் பூவை எட்டிப் பார்க்க வைத்தாள். இலைக்கொத்தைப் பிடித்து எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று தேடியபோது, காம்பு தானாகவே அந்தச் சில்லுப் போன இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வழக்கமாக ஒரு நாள் போனால் சாய்ந்தது சரிந்துவிடும். இது அசையவில்லை. வெட்டித் தைத்த காஜாவில் பட்டன் போய் உட்கார்ந்த மாதிரி.

"தட்டு போடலையா?" என்று அவள் கீழே காட்டினாள். சுவரில் குழாய் வெளிவருகிற இடத்தை மறைக்க வட்டமாக ஒரு தட்டு மாட்டுவார்கள். வால்வை மாட்டுவதற்கு முன்பே அதைக் கோத்திருக்க வேண்டும். தட்டு பிளம்பரின் கையில் இருந்தது.

"அவசரத்துல மறந்துட்டேன்," என்று அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பல் துலக்கப் போகும்போதுகூட ஸ்பேனரை மறக்காத மனுஷன். வாஷ்பேசினுக்கு அடியில் அவளுடைய பித்தளை, சாம்பல் நிறச் சுவரிலிருந்து தங்கமாக எட்டிப் பார்த்தது.

ஹாலில் எல்லாரும் பெரிய பூக்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கை கழுவப் போனவர்கள் சீக்கிரம் திரும்பவில்லை. பாத்ரூம் வாசலில் வரிசை சேர்ந்தது. அண்ணனோடு வேலை செய்கிற ஒரு பெரியவர் வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார். "கை கழுவத்தான் போனேன். பூவைப் பார்த்துக்கிட்டு நின்னு, கழுவாமலே வந்துட்டேன்," என்றார். அண்ணியின் தங்கை வெளியே வந்ததும் வராததுமாக, "அக்கா, உள்ள யாரு வச்சது? அலங்காரம் பண்ண வந்தவங்களா?" என்றாள்.

"அவங்க எங்க வைக்கிறது!" பிளம்பரிடம் விவரம் கேட்டு வைத்திருந்த அண்ணனின் குரல் மாடிவரை கேட்டது. "எங்க பட்டன் வச்சது! அது ஒழுகுன பைப்புத் துண்டு, தெரியுமா? அவளோட ஜாடி இப்ப சுவத்துல இருக்கு, குனிஞ்சு பாரு!"

அன்று அந்த வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள் பலர் பாத்ரூமில் குனிந்து பார்த்தார்கள். மகள் வாசலில் நின்று, "ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க," என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு அண்ணி தனியாகப் பாத்ரூமுக்குள் போனார். பட்டன் கதவருகில் போய் நின்றாள்.

"அடியில என்ன மஞ்சளாத் தெரியுது? மூடுறதுக்கு ஒரு தட்டு உண்டே," என்றார் அண்ணி.

"மூடணும்னா மூடிடலாம்," என்று பின்னாலிருந்து பிளம்பர் பையில் கையை விட்டார்.

அண்ணி குனிந்து பித்தளையை விரலால் தொட்டார். ஸ்பேனர் கடித்த கீறலைத் தடவினார். "இவ்வளவு மினுக்குதே. எத்தனை நாள் தேய்ச்சிருப்ப!"

"அது ஆச்சு அண்ணி, கல்யாணமான காலத்துலேர்ந்து."

"இருக்கட்டும்ணே, மூட வேண்டாம்." அண்ணி நிமிர்ந்தார். கண்ணாடியில் இருவர் முகத்துக்கும் நடுவில் அந்த மூன்று காம்பும் நின்றன. "பட்டன், இதுல பூ வாடுனா நீதான் வந்து மாத்தணும். எனக்கு இப்படி வராது."

"வர்றேன் அண்ணி," என்றாள் பட்டன். கொஞ்சம் நிறுத்தி, தலையை நிமிர்த்திச் சேர்த்துக்கொண்டாள்: "வந்து சொருகிட்டுப் போறேன்."

அண்ணிக்கு முகம் சிவந்து, பிறகு சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

இப்போதும் பட்டன் வீட்டுச் சமையலறை ஜன்னலில், முதல் வெயில் விழுகிற இடம் காலியாகத்தான் இருக்கிறது. பித்தளை நின்ற வட்டத் தடத்தின்மேல் அவள் வேறெதையும் வைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு நாள் வந்தபோது, "இங்க ஒண்ணு பளபளன்னு இருக்குமே, எங்க காணோம்?" என்று கேட்டார்.

"அதுவா?" பட்டன் ரோஜாக் காம்பைச் சாய்வாக நறுக்கிக்கொண்டே சொன்னாள். "அது எங்க அண்ணன் வீட்டுச் சுவத்துல இருக்கு. இனிமே அதுக்கு நான் தண்ணி ஊத்த வேண்டியதில்ல."